கிட்டாரும் ஒளியும்

என் பழைய மாணவர் ஒருவர், மறைந்த தந்தையாரின் கிட்டாரை விற்க நேர்ந்தது. நினைவுக்கு ஒரு படம் எடுக்க முனைந்தோம். முதற்படத்தில் விளக்கொளியே வெள்ளைத் திட்டாய் விழுந்தது. மெருகிட்ட மரம் கண்ணாடி போன்றது. ஒளி படும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்று வகுப்பில் கற்பித்த நானே அதை மறந்திருந்தேன்!

விளக்கை அணைத்தோம். நேர்வெயில் புகாத சன்னலருகே கிட்டாரைச் சாய்த்து, ஒளி பக்கத்திலிருந்து விழச் செய்தோம். எதிர்ப்புறம் வெள்ளைத் தாளைப் பிடித்ததும் நிழல் தணிந்தது. மிக அருகில் நின்று எடுத்தால் உருவம் கோணலாகும்; ஆதலின் 6 அடி விலகி, கிட்டாரின் நடு உயரத்தில் காமிராவை நிறுத்தினோம்.

தேய்ந்த பகுதி மறையுமாறு நான் அதைத் திருப்பினேன். அவரோ, “ஐயா, அது அப்பாவின் கைபட்டுத் தேய்ந்த இடம்; தெரியட்டும்” என்றார்.

அன்று நான் மாணவனானேன்.