தாயின் கையிலுள்ள ஊசி

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைக் கண்டறிய, மறு ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்படும் வரையில், நீரிழிவு கண்ட குழந்தைகளின் பெற்றோருக்குக் கண்ணீரே கதியாக இருந்தது. இன்றோ, கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் தாயொருத்தி நீரிழிவு கண்ட தன் பிள்ளைக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையில் இலவசமாகச் சிகிச்சை பெறலாமெனினும், வீடு திரும்பியபின் தினந்தோறும் ஊசி போடுவதும், இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதிப்பதும், நடுநிசியில் சீனி குறைந்து பிள்ளை வியர்த்து நடுங்கினால், நினைவிருக்கும்போதே சீனி கரைத்துப் பருகச் செய்வதும் அவளுடைய நித்திய தர்மமாகின்றன. நீரிழிவின் அறிகுறிகளான ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற மெலிவு ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் கண்டால், தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் விதித்த இன்சுலினை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.