இடத்துக்குச் சாட்சி வேண்டும். வீட்டு வாசல் தெரியவேண்டாம்



ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை நிரூபிக்கவும் வேண்டும். எடுத்தவரின் அந்தரங்கம் கெடாமலும் இருக்கவேண்டும். இரண்டும் ஒருசேர நடக்குமா? நடக்கும்.

கைத்தொலைபேசிக் கேமராவுக்கு இருப்பிடத்தை அறியும் அனுமதி இருந்தால், எடுக்கும் படத்துக்குள்ளேயே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகிவிடும். 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டுப் போலீஸார் விசாரணைக்குத் தேடிக்கொண்டிருந்த ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தார். அவரோடு சென்ற சஞ்சிகையாளர்கள் இணையத்தில் ஒரு படத்தை வெளியிட்டார்கள். அதற்குள் இருந்த எண்கள், அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. சில நாட்களில் அவர் கைதானார். கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் கதை இது!

அப்படியானால் அந்த எண்களை அழித்துவிடலாமே என்று தோன்றும். அழித்தால் சாட்சியும் போய்விடும். இதற்கு ஒரு வழி கண்டது லண்டனில் இயங்கும் அனைத்துலக வழக்கறிஞர் சங்கம். கொடுமைகளைப் படம்பிடிப்போருக்காக 2015-இல் அது 'ஐவிட்னஸ்' என்னும் செயலியை வெளியிட்டது. அது இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்கிறது. பின்னால் யாராவது படத்தில் கைவைத்தால் கண்டுபிடிக்க உதவும் ஓர் அடையாள எண்ணையும் கணக்கிடுகிறது. மூலப்படம் பாதுகாப்பான காப்பகத்துக்குப் போகிறது. எடுத்தவர் தம் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. 2018-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசில், மனித குலத்துக்கு எதிரான குற்ற வழக்கில் இத்தகைய படங்கள் ஆதாரமாக ஏற்கப்பட்டு, இருவர் தண்டிக்கப்பட்டனர்.

நம் அன்றாட வாழ்வுக்கும் இது பொருந்தும். அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் 5 இலக்கங்கள் இருந்தால், ஏறக்குறைய 1 மீட்டர் வரை இடம் தெரிந்துவிடும். 2 இலக்கங்கள் மட்டும் இருந்தால், ஏறக்குறைய 1 கிலோமீட்டர் வட்டாரம்தான் தெரியும். தாமான் தெரியும், வீடு தெரியாது. பழைய நாற்காலியை இணையத்தில் விற்பவருக்கு அது போதும். கால்வாயில் குப்பை கொட்டுவதைப் பற்றி நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்பவருக்கோ துல்லியமான இடம் தேவை.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இட விவரம் நீக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஆகவே, அதிகாரிக்கு ஆவணமாகவும் நண்பர் குழுவுக்குப் படமாகவும் அனுப்பலாம். மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். எண்களை நீக்கினாலும், பின்னணியில் வீட்டு எண், கார் எண், பிள்ளையின் பள்ளிச் சின்னம் தெரிகின்றனவா என்று ஒருமுறை பாருங்கள்.

யாருக்கு, எதற்காக, எவ்வளவு? அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுவோம். உண்மைக்குச் சாட்சி சொல்பவர் அஞ்சாமல் வாழ அது துணைநிற்கும்.