மீன்தலையும் நம் கவிதையும்



'மீன்' என்ற தலைப்பில் பேசுகிறேன் என்றதும், நெய்தல் திணையைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ பேசுவேன் என்று நண்பர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் பேச வந்தது நம் சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில், பெரிய சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்து அமரும் மீன்தலைக் கறியைப் பற்றி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், பசி எடுப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

இக்கறி கேரளத்திலிருந்து கப்பலேறி வந்த பண்டமன்று. சீனத்திலிருந்து வந்ததுமன்று. இந்தச் சிங்கப்பூரிலேயே பிறந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோஃபியா சாலைப் பகுதியில் கடை நடத்திய எம். ஜே. கோமெஸ் என்ற கேரளத்துக்காரரே இதைத் தொடங்கிவைத்தவர் என்பது இங்கு வழங்கிவரும் வரலாறு. சீன வாடிக்கையாளர்கள் மீனின் தலையைச் சிறப்பான உணவாக மதிப்பதை அவர் கண்டார். தம் ஊர் மசாலாவிலேயே அத்தலையைக் கொதிக்கவைத்தார். 1969 இல் அய்யாக்கண்ணு என்பவர் கிளாங் சாலையில் தொடங்கிய 'முத்து கறி' இதற்குப் பெரும்பெயர் தேடித் தந்தது. அவருக்குப் பின் அவருடைய புதல்வர்கள் கரண்டியை ஏந்தினர்.

பெரும்பாலும் இதற்கு ஆகிவருவது மலாயில் 'ஈக்கான் மேரா' எனப்படும் சிவப்பு மீன். அவ்வினத்து மீன்களுள் ஒன்றுக்கு அறிவியலார் இட்ட பெயர் 'லுட்ஜானஸ் மலபாரிக்கஸ்'. மலபாரின் பெயரைத் தாங்கிய மீன், மலபார்க் கரையைச் சேர்ந்தவர் கையில், மலாய்ப் பெயரோடு, சீனர் நாவுக்காகக் கறியாயிற்று! புளியும் மிளகாயும் நம்முடையவை. வெண்டைக்காயும் கத்தரிக்காயும் உடன் வேகும். சில கடைகளில் அன்னாசித் துண்டும் சேரும். பின்னாளில் சீனச் சமையற்காரர்களும் புளிப்பை மிகுத்துத் தமக்கென ஒரு வகையைச் சமைத்துக்கொண்டனர். இன்று அது யாருடைய கறி என்று கேட்டால், எல்லாரும் தத்தம் இலையைக் காட்டுவர்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் நடுத்துண்டு அப்பாவுக்கு. வால் பக்கம் பிள்ளைகளுக்கு. தலை மட்டும் எல்லாரும் உண்டெழுந்த பின் அம்மாவின் தட்டுக்குப் போகும். அது மிச்சம் என்றே நான் எண்ணி வளர்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடன் பணியாற்றிய சீன நண்பர் ஒருவரை எங்கள் பேட்டைக்கு அருகில் ஒரு குடும்பத்தார் நடத்திய சிறு கடைக்கு அழைத்துச் சென்றேன். தந்தை அடுப்படியில், தாய் கல்லாவில், மகன் வாழையிலை விரிப்பான். விருந்தினருக்குத் தலையை வைப்பதா என்று கூசி, கோழிக்கறி கேட்டேன். நண்பரோ மீன்தலைதான் வேண்டும் என்றார். வந்ததும் கன்னத்துச் சதையை மெல்லப் பெயர்த்து, தாம் உண்ணாமல், என் இலையில் வைத்தார். மிகச் சிறந்த பகுதியை விருந்தினருக்கு வைப்பது தம் வழக்கம் என்றார்.

அந்தச் சதையின் மென்மையை நான் அதுவரை அறிந்ததில்லை. அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. அத்தனை ஆண்டுகளும் அம்மா உண்டது மிச்சத்தையா, சிறந்ததையா? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இனிக் கேட்க அவர் இல்லை.

கவிஞர்களே! பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடுகிறோம். நம் கவிதைகளில் கயல் துள்ளுகிறது, தாமரை மலர்கிறது, நம்மிற் பலர் கண்டேயிராத வாய்க்கால் ஓடுகிறது. அவற்றை நான் குறை கூறவில்லை. என் கவிதைகளும் அவ்வாறானவையே. ஆயினும், நாம் அன்றாடம் ஏறி இறங்கும் அடுக்குமாடி மின்தூக்கியும், அதில் நம் குழந்தையிடம் பெயர் கேட்கும் மலாய்ப் பாட்டியும், ஈரச்சந்தையில் செதிள் சீவும் சீன மூதாட்டியும் நம் வரிகளுக்குள் வரவில்லையே! நடுத்துண்டு என்று நாம் கருதியதை மட்டும் எடுத்துக்கொண்டு, தலையை ஒதுக்கிவிட்டோமோ என்று அஞ்சுகிறேன்.

கோமெஸ் தம் மசாலாவை மாற்றிக்கொள்ளவில்லை. எதிரே அமர்ந்திருப்பவரை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவே. மொழி நம்முடையதாக இருக்கட்டும். யாப்பும் நம்முடையதாக இருக்கட்டும். பொருள் இந்த மண்ணில் நம் எதிரே அமர்ந்திருக்கிறது. அதைச் சமைத்தால், நம் பிள்ளைகள் இந்தச் சட்டிக்கருகே வருவர் என்று நம்புகிறேன். தங்கள் தெருவைக் காணாத கவிதையை அவர்கள் எதற்காகப் படிக்க வேண்டும்?

அடுத்த திங்கள் கூட்டத்திற்கு என் அம்மாவின் தட்டைப் பற்றி ஒரு கவிதை கொண்டுவர எண்ணியிருக்கிறேன். பல்லாண்டுகளாக எழுத வராதது. நீங்களும் ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.