நல்லூர் இராசதானியும் நாலு பரப்புத் தோட்டமும்

(யாழ்ப்பாணம் போய்வந்த குழுவின் சார்பில் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்தில் பார்த்ததைச் சொல்லும்படி கமிட்டி கேட்டது. எங்களில் பாதிப் பேர் வடக்கே போனது இதுதான் முதல் தடவை. ஆனையிறவு தாண்டிய பிறகும் ஒரு மலைகூட வரவில்லையே என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

முதலில் நல்லூருக்குப் போனோம். யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரம் அது. அரண்மனை இருக்கும் என்று நினைத்தோம். இருப்பது பருத்தித்துறை வீதியோரம் ஒரு வளைவு, சங்கிலித்தோப்பு என்கிறார்கள். பக்கத்தில் மந்திரிமனை, 'ப' வடிவில் யமுனா ஏரி. மந்திரிமனைக் கட்டடமும் அரசர் காலத்துக்குப் பிந்தியது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1619இல் போர்த்துக்கேயர் நாட்டைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கந்தசுவாமி கோயிலையும் இடித்தார்கள். அந்தக் கல் கோட்டை கட்டப் போனதாக ஊரில் பேச்சு. நாங்கள் கும்பிட்ட கோயில் பிற்காலத்தில் கட்டியது.

கோட்டை ஐந்து மூலை. 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாக்கியது. யுத்தத்தில் இடிந்த இடங்கள் இன்னும் தெரிகின்றன. முருகைக் கல்லைத் தொட்டுப் பார்த்த ஒரு அக்கா, "இவ்வளவையும் யார் சுமந்தது?" என்று கேட்டார். அந்தப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் ரோட்டையும் பாலத்தையும் போட்டவர்களின் பெயரையும்தான் எழுதி வைக்கவில்லை.

நூலகத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1981இல் எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. பிறகு திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில்தான் தந்தை செல்வாவின் நினைவுத் தூண். 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து நின்றவர் அவர். மறுவருடம் தமிழ்க் காங்கிரசை விட்டுத் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். யாழ்ப்பாணத்தார் என்றால் நமக்குக் கிளாக்கர் ஐயாவும் கணக்கப்பிள்ளையும்தான் முதலில் ஞாபகம் வருவார்கள். வீட்டு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் பட்ட பாடும் ஞாபகம் வரும். அதை மறைக்கத் தேவையில்லை. தூணையும் பார்த்துவிட்டு வந்தோம் என்பதையும் சொல்கிறோம்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அரசனும் இல்லை, கோட்டையும் இல்லை. திரும்பும் வழியில் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் நின்றோம். அந்த ஐயா, "வாங்கோ பிள்ளையள், என்ர தோட்டத்தையும் பாத்திட்டுப் போங்கோ" என்றார். தோட்டம் என்றதும் எங்கள் பெண்களுக்கு ஆச்சரியம். "ஒங்க தோட்டத்துல எத்தனை பேருக்கு பேர் போடுறீங்க ஐயா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "நானும் மனிசியும்தான்" என்றார் அவர்.

நாலு பரப்பு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், ஆக மொத்தம் கால் ஏக்கர். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. ஆறு ஓடாத ஊர், எல்லாம் கிணற்றுத் தண்ணீர். அவருக்கும் கஷ்டம் இருக்கிறது. பசளை விலை, மருந்து விலை என்று நிறையச் சொன்னார். ஆனாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு, அப்பா எழுதிய உறுதி வீட்டில் இருக்கிறது என்றார். அங்கே தோட்டம் என்றால் அவரவர் காணி. இங்கே தோட்டம் என்றால் கம்பெனியின் மலை. ஒரே சொல்தான். நமக்குப் பேசப்பட்ட ஏழு பேர்ச் அவருடைய ஒரு பரப்புக்கும் குறைவு, அதற்கே எத்தனை வருடமாக நடக்கிறோம்!

பஸ்ஸில் வரும்போது, புது வீடு கிடைத்த குடும்பங்களிடம் உறுதி கையில் இருக்கிறதா என்று விசாரித்தோம். ஒருவரிடமும் இல்லை. வீட்டுச் சாவி இருக்கிறது, சிலரிடம் ஒரு கடிதம் இருக்கிறது. அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் கூடுவோம். வீடு, லயம், மரக்கறித் துண்டு எதைப் பற்றியதானாலும், உங்களிடம் இருக்கும் கடிதம், துண்டு, ரசீது எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பட்டியல் எழுத ஆள் வேண்டும்.