இரங்கும் கடல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தமிழில் 'இரங்குதல்' என்றொரு சொல் உண்டு. முரசு இரங்கிற்று, கடல் இரங்கிற்று என்னும்போது அது ஒலித்தலைக் குறிக்கும். நெய்தல் திணையின் உரிப்பொருளாக வரும்போது துயருற்றுப் புலம்புதலைக் குறிக்கும். இறைவன் இரங்கினான் என்னும்போது அருள்செய்தலைக் குறிக்கும். ஒலி, துயர், அருள் என்னும் மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ். அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் இம்மூன்று பொருள்களுக்கு இடையிலுள்ள தொலைவை மனித இனம் கடப்பதற்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதைத் திமிங்கில வேட்டையின் வரலாறு காட்டுகிறது.

முதலில் துயரைப் பார்ப்போம். ஜப்பானின் யமகுச்சி மாநிலத்தில், நகாட்டோ நகரை ஒட்டி ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் கீழ்க்கரையில் உள்ளது கயோயி என்னும் மீனவர் ஊர். 17ஆம் நூற்றாண்டு முதல் அவ்வூரார் வலையும் ஈட்டியும் கொண்டு திமிங்கில வேட்டை ஆடிவந்தனர். பிடிபட்ட தாய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் சில வேளைகளில் கருவில் கன்று இருக்கும். அதனை உண்ண அவர்கள் மனம் ஒப்பவில்லை. கடலைக் கண்ணால் காணாமலே இறந்த அந்தக் கன்றுகளை, கடல் தெரியும்படியான ஓரிடத்தில் புதைத்தார்கள். 1692இல் அங்கே ஒரு கல்லறை எழுப்பப்பட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட கன்றுகள் அதனடியில் உறங்குகின்றன. அவ்வூரின் கோகன்ஜி என்னும் பௌத்தக் கோயிலில் இறந்த திமிங்கிலங்களுக்கென்று ஒரு பதிவேடே உண்டு. மனிதர் இறந்தால் சூட்டப்படும் மறுமைப் பெயரைப் போலவே ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் ஒரு பெயர் சூட்டி அதில் எழுதி வைத்தார்கள். ஆண்டுதோறும் அவற்றுக்காகப் பிரார்த்தனை நடத்தினார்கள்.

இச்செய்தியைக் கேட்கும் எவருக்கும் உள்ளம் நெகிழும். அதே வேளையில் ஒரு கேள்வியும் எழும். இந்தப் பிரார்த்தனை யாருடைய காயத்தை ஆற்றிற்று? கொன்றவனின் நெஞ்சிலிருந்த முள்ளை அது எடுத்தது. மறுநாள் அவன் மீண்டும் கடலுக்குப் போகும் வலிமையைக் கொடுத்தது. வேட்டையை அது நிறுத்தவில்லை. கயோயி மக்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. உண்ட உயிருக்கு நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆயினும், துயருறுவது வேறு, துயரைத் தடுப்பது வேறு என்பதை அந்தக் கல்லறை அமைதியாக உணர்த்துகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே முதல் அடியை எடுத்து வைத்தவர் ஒரு கவிஞர் என்பது இந்த அவைக்கு மகிழ்ச்சி தரும். கயோயிக்கு அண்மையிலுள்ள சென்சாக்கி என்னும் ஊரில் 1903இல் பிறந்தவர் கனேகோ மிசுசு. குழந்தைகளுக்கான கவிதைகள் எழுதியவர். 1930இல், இருபத்தாறாம் வயதில் இறந்துபோனார். அவருடைய படைப்புகள் பல்லாண்டுக் காலம் மறக்கப்பட்டுக் கிடந்து, தம்பி காத்து வைத்திருந்த கையெழுத்துப் படிகளின் துணையால் 1984இல் முழுத் தொகுதியாக வெளிவந்தன. திமிங்கிலப் பிரார்த்தனையைப் பற்றிய அவருடைய கவிதை ஒன்று உண்டு. கோயில் மணி ஒலிக்கிறது, ஊரார் விரைகிறார்கள். ஆனால் கவிஞரின் செவியோ கரைக்கு அப்பால் செல்கிறது. தாய் தந்தையை இழந்த கன்று ஒன்று கடலில் தனித்து அந்த மணியோசையைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அவர் காண்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் கேட்பதற்காக அடிக்கப்பட்ட மணி அது. அதைக் கடலில் கேட்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தவர் மிசுசு. இரங்கல் இரக்கமாகத் திரும்பும் இடம் இதுவே.

ஆனால் உலகம் அப்போது வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டினரான ஸ்வென் ஃபோயின் வெடிகுண்டு பொருத்திய எறியீட்டிப் பீரங்கியை வேட்டைக்குக் கொண்டு வந்தார். 1925 முதல், பின்புறச் சாய்தளத்தின் வழியே திமிங்கிலத்தை அப்படியே மேலே இழுத்து வெட்டி உருக்கும் ஆலைக் கப்பல்கள் வந்தன. சோப்பும் மார்கரினும் உயவு எண்ணெயும் ஆயின அந்த உடல்கள். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுக்குப் பெயர் சூட்டுவார் இல்லை. மணி அடிப்பாரும் இல்லை. கயோயியின் துயர்கூட அந்த ஆலைக் கப்பல்களில் இடம் பெறவில்லை.

இனி ஒலியைப் பார்ப்போம். அமெரிக்க உயிரியலாளர் ரோஜர் பெய்ன் 1960களில் ஒரு மழை இரவில், பாஸ்டன் நகருக்கருகே ரிவியர் கடற்கரையில் ஒதுங்கிய சிறு திமிங்கில இனத்து உயிர் ஒன்றைக் காணச் சென்றார். அதற்குள் யாரோ அதன் வாலை வெட்டிச் சென்றிருந்தார்கள். வேறு சிலர் அதன் உடலில் தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள். மூச்சுத் துளையில் ஒரு சுருட்டுத் துண்டு செருகப்பட்டிருந்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு அவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். அதுவரை வௌவால், ஆந்தை ஆகியவற்றின் செவிப்புலனை ஆராய்ந்து வந்தவர், பின்பு திமிங்கிலங்களின் பக்கம் திரும்பினார்.

1967இல் பெர்முடாத் தீவில் அவரும் அவருடைய மனைவி கேட்டி பெய்னும் ஃபிராங்க் வாட்லிங்டன் என்னும் கடற்படைப் பொறியாளரைச் சந்தித்தனர். நீரடி ஒலிவாங்கியில் விசித்திரமான குரல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார் அவர். வேட்டைக்காரர்கள் அக்குரலைக் கொண்டே திமிங்கிலங்களைத் தேடிப் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சி, அதை வெளியிடாமல் காத்து வந்தார். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் குரல் அது. பெய்னும் ஸ்காட் மெக்வேயும் அதை ஆராய்ந்து, அது ஒழுங்கு முறையில் மீண்டும் மீண்டும் வரும் பாடல் என்று 1971இல் 'சயின்ஸ்' இதழில் நிறுவினர். ஒரு பகுதியிலுள்ள ஆண் திமிங்கிலங்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடுகின்றன என்பதும், அந்தப் பாட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன. நீண்ட பாடல்களில் இயைபு போன்ற ஒலி ஒப்புமைகள் அமைந்திருப்பதையும், அவை நினைவுக்குத் துணை நிற்கக்கூடும் என்பதையும் கேட்டி பெய்னும் லிண்டா கினியும் 1988இல் எழுதினர். யாப்பு எதற்காகத் தோன்றிற்று என்று அறிந்த கவிஞர்களுக்கு இது வியப்பாக இராது.

1970இல் அப்பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன. 1979இல் 'நேஷனல் ஜியோகிரஃபிக்' இதழ் ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகளுடன் அதன் ஒலித்தட்டை இணைத்து வழங்கிற்று. 1977இல் விண்வெளிக்கு ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்தட்டிலும் அக்குரல் இடம்பெற்றது. அதுவரை எண்ணெய்ப் பீப்பாய்களின் கணக்காக இருந்த உயிர், பாடும் உயிராயிற்று.

மூன்றாவது அருள். அது செயலாக வெளிப்பட்ட விதத்தை அறியப் பால் ஸ்பாங் என்னும் மனவியலாளரின் அனுபவம் உதவும். நியூசிலாந்தில் பிறந்த அவர், 1960களின் இறுதியில் கனடாவின் வான்கூவர் மீன்காட்சியகத்தில் ஸ்கானா என்னும் ஓர்க்காவை ஆராய்ந்து வந்தார். ஒருநாள் தம் பாதங்களை நீரில் தொங்கவிட்டு அமர்ந்திருந்தபோது, அது தன் பற்களால் அவருடைய பாதங்களை மெல்ல உரசிற்று. அவர் அஞ்சிக் கால்களை இழுத்துக்கொண்டார். மீண்டும் வைத்தார், மீண்டும் உரசிற்று. இவ்வாறு பலமுறை நடந்தது. கடைசியில் அவர் அஞ்சாமல் கால்களை நீரிலேயே வைத்திருந்தபோது அது உரசுவதை நிறுத்திற்று. ஆராய வந்தவனின் அச்சத்தை ஆராயப்பட்ட உயிர் போக்கிற்று என்று அவர் உணர்ந்தார். ஆன்மிக நலமாக்கல் என்று எதையேனும் கூறலாம் என்றால், இதைக் கூறலாம். இந்த நலம் பெற்றவர் அதைத் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை என்பதே முக்கியம். பத்திரிகையாளர் ராபர்ட் ஹண்டரையும் கிரீன்பீஸ் குழுவினரையும் திமிங்கிலங்களின் பக்கம் திருப்பியவர் அவரே.

1975 ஏப்ரல் 27இல் வான்கூவரிலிருந்து 'ஃபிலிஸ் கார்மாக்' என்னும் மீன்பிடிப் படகு புறப்பட்டது. அதில் இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். கடலில் திமிங்கிலங்களுக்கு இசை வாசித்தார்கள். ஹண்டர் 'ஈ சிங்' என்னும் பழைய சீனக் குறிநூலைப் புரட்டிப் பார்ப்பார். நகைப்பவர்கள் நகைக்கலாம். ஆனால் ஜூன் 27இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் 'டால்னி வஸ்தோக்' என்னும் சோவியத் ஆலைக் கப்பலின் வேட்டைக் கலங்களை அவர்கள் எதிர்கொண்டபோது, அதே மனிதர்கள் காற்றடைத்த சிறு படகுகளில் பீரங்கிக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவே போய் நின்றார்கள். ஹண்டரின் தலைக்கு மேலாக ஈட்டி பறந்தது. அன்று அவர்கள் மறித்து நின்ற திமிங்கிலத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும் அக்காட்சி படமாக்கப்பட்டுப் பல நாட்டு மக்களின் இல்லங்களை அடைந்தது.

1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு பத்தாண்டுத் தடை கோரியிருந்தது. 1979இல் செஷல்ஸ் நாட்டின் முயற்சியால் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தமிழகக் கரையையும் ஈழக் கரையையும் தழுவும் கடலும் அதனுள் அடங்கும். 1982இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை விதித்தது. ஆதரித்தவை 25 நாடுகள், எதிர்த்தவை 7, வாக்களியாதவை 5. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. 1986 முதல் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் பயன் கண்கூடு. தென் அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் 1950களில் ஏறத்தாழ 450 என்ற அளவுக்குக் குறைந்துபோயிருந்த கூன்முதுகுத் திமிங்கிலங்கள், 2019இல் வெளியான ஆய்வின்படி ஏறத்தாழ 25,000 ஆகப் பெருகியுள்ளன. கடலின் காயம் ஆறியது, வெட்டும் கை நின்றபோதுதான்.

எனினும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று எஞ்சி நிற்கிறது. கூன்முதுகுத் திமிங்கிலம் இனிமையாகப் பாடிற்று, மனிதர் உருகினர். பாட்டுக் கேளாத உயிரின் கதி என்ன? தடையை ஏற்காத நார்வே 1993 முதல் மிங்கே திமிங்கிலங்களை வணிக நோக்கில் வேட்டையாடி வருகிறது. ஜப்பான் 2019இல் ஆணையத்தை விட்டு விலகித் தன் கடற்பகுதியில் வணிக வேட்டையைத் தொடங்கிற்று. 2024இல் துடுப்புத் திமிங்கிலத்தையும் பட்டியலில் சேர்த்தது. துடுப்புத் திமிங்கிலமும் பாடும். அதன் துடிப்பொலி நொடிக்கு 20 அதிர்வு அளவில், மனிதச் செவி கேட்கும் எல்லையின் விளிம்பிலே ஒலிக்கிறது. அமைதியான கடலில் அக்குரல் பெருந்தொலைவு செல்லும் என்று 1971இலேயே பெய்னும் டக்ளஸ் வெப்பும் எழுதினர். கடல் முழுதும் பரவும் குரல் அது. மனிதன் செவிக்கு மட்டும் எட்டுவதில்லை.

2024 மார்ச்சில் குக் தீவுகளின் ராரொடொங்காவில் மாவோரி மன்னர் துஹெய்தியாவும் பசிபிக் தீவுகளின் தலைவர்களும் கூடி, திமிங்கிலங்கள் சட்டத்தின் முன் நபர்களாக ஏற்கப்பட வேண்டும் என்னும் பிரகடனத்தில் கையொப்பமிட்டனர். திமிங்கிலங்களைத் தம் முன்னோராகக் கருதும் மரபினர் அவர்கள். பாடுகிறதா, அழகாயிருக்கிறதா என்று பார்த்து உறவு கொண்டாடுவதில்லை. கயோயி மக்கள் இறந்த திமிங்கிலத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். உயிரோடிருக்கும் திமிங்கிலத்துக்கே நபர் என்னும் தகுதியைக் கேட்கிறது இந்தப் பிரகடனம்.

கேட்ட ஒலிக்கு இரங்குவது எளிது. கேளாத ஒலிக்கும் இரங்குவதற்குக் கற்பனை வேண்டும். ஒலிவாங்கி ஏதும் இல்லாமலே, கடலில் தனித்து நிற்கும் கன்றின் செவியாகத் தன் செவியை மாற்றிக்கொண்டார் சென்சாக்கியின் இளங்கவிஞர். கவிதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரு விடை. பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வரும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், எழுதக் குனியும் வேளைகளில் செவிக்கு எட்டாத குரல் ஒன்றுக்கும் சிறிது இடம் வைத்திருப்பார்களாக.