"ஃப்ரீ விசா"ன்னு யாராவது சொன்னா, ஒரு நிமிஷம் நில்லுங்க!

(ஞாயிறு மாலை இணையவழிச் சந்திப்பில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டிரிபிள் ஈ படிச்சவன். ஆனா ஒரு சுவிட்ச் போர்டைக் கழட்டி மாட்டச் சொல்லிக் கொடுத்தது காலேஜ் இல்லீங்க, எங்க தாய்மாமா. இருபது வருஷம் வயரிங் வேலை பார்த்த கை அது.

"ஃப்ரீ விசா மாப்ள. எந்தக் கம்பெனிக்கும் கைகட்டி நிக்க வேணாம். நாமளே வேலை புடிச்சு நாமளே சம்பாதிக்கலாம்"னு சொல்லிட்டு ஒரு வளைகுடா நாட்டுக்குக் கிளம்பினார். அத்தையோட நகை அடகுக்குப் போச்சு.

அங்க போனப்புறம்தான் விஷயம் தெரிஞ்சது. அவர் அட்டையில ஒரு ஸ்பான்சர் பேர் இருக்கு. ஆனா அந்த ஸ்பான்சர்கிட்ட வேலையே இல்லை. உல்டாவா மாமாதான் மாசாமாசம் அவருக்குப் பணம் கட்டணும். வெளியில கிடைச்ச வேலையைச் செஞ்சார். கூலி தராம ஏமாத்தினவன்கிட்ட சண்டை போடக்கூட முடியலை. ஏன்னா வேற ஆளுக்கு வேலை செய்யறதே அந்த ஊர் சட்டப்படி தப்பு. ஒரு நாள் சோதனையில மாட்டினார், திருப்பி அனுப்பிட்டாங்க. நகை இன்னும் முழுசா மீட்டு முடியலை.

மாமா வேலையில எந்தக் குறையும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லாத விஷயம் ஒண்ணுதான். வெளிநாட்டுல சொந்தமா தொழில் செய்ய மூணு தாள் வேணும். மூணும் தனித்தனி. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு தானா வராது.

முதல் தாள்: விசா. வளைகுடா நாடுகளின் வழக்கமான வேலை விசா, சிங்கப்பூர் வொர்க் பெர்மிட், ரெண்டுமே ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம் வேலை செய்யத்தான். ஆஸ்திரேலியாவுக்கு ஸ்பான்சர் விசாவில் போனாலும் அதே கதைதான். சொந்தமாகத் தொழில் செய்ய அனுமதிக்கும் விசா வேறு. சட்டத்தில் "ஃப்ரீ விசா" என்று எதுவும் கிடையாது. அது ஏஜென்ட் வச்ச பேர்.

இரண்டாவது தாள்: லைசென்ஸ். இது நமக்குப் புதுசில்ல. நம்ம ஊர்லயும் புது வீட்டுக்கு கரண்ட் கனெக்ஷன் வாங்க, லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் கையெழுத்து வேணுமே! அங்க இன்னும் கறார்.

ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு எலக்ட்ரீஷியன் என்ன செய்யணும்? முதல்ல ஆவணங்களைச் சரிபார்ப்பாங்க. அப்புறம் தொழில்நுட்ப நேர்காணல், செய்முறைத் தேர்வு. தேறினால் மேற்பார்வையில் வேலை செய்ய மட்டும் தற்காலிக லைசென்ஸ். கூடவே அந்நாட்டு விதிமுறைகளுக்கான பயிற்சியை முடிச்சாத்தான் முழு லைசென்ஸ். அதுக்கப்புறமும் சொந்தமா வேலை எடுத்துச் செய்ய கான்ட்ராக்டர் லைசென்ஸ் தனி, ஏ.பி.என். என்கிற தொழில் பதிவு எண் தனி.

ஜெர்மனியில் 53 கைத்தொழில்களுக்கு, தனியாகக் கடை போட "மைஸ்டர்" தகுதியோ அதற்கு ஈடான அனுமதியோ வேணும். எலக்ட்ரிக்கல், பிளம்பிங், பெயின்டிங் எல்லாம் இதில் அடக்கம். டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு 2004-ல் இந்த விதியைத் தளர்த்தினாங்க. 2020-ல் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. ஒருத்தர்கிட்ட சம்பளத்துக்கு வேலை செய்யறது ஒரு படி, சொந்தமா தொழில் செய்யறது அடுத்த படி.

மூன்றாவது தாள்: நம்ம சான்றிதழ். ஐ.டி.ஐ. முடிச்சவங்க தேசியத் தொழிற்சான்றிதழை பத்திரமா வைங்க. பேரைப் பாருங்க! சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசா. இது நம்ம பசங்களுக்கு அடிக்கடி வர்ற சிக்கல். கிளம்புற வாரத்தில் ஓடாதீங்க, இப்பவே சரி பண்ணுங்க.

அனுபவத்துக்கும் ஆதாரம் வேணும். கூலியை முடிஞ்சவரை பேங்க் கணக்கில் வாங்குங்க. வேலை செஞ்ச இடத்தில் தேதியோட கடிதம் வாங்குங்க. செய்யற வேலையை போட்டோ, வீடியோ எடுத்து வைங்க.

இங்கதான் என் ஆதங்கம். எங்க மாமா மாதிரி மேஸ்திரிகிட்ட சின்ன வயசுல சேர்ந்து தொழில் கத்துக்கிட்டவங்களுக்கு யார் கடிதம் தருவா? மேஸ்திரிக்கே லெட்டர்ஹெட் கிடையாது! அனுபவத்தைச் சோதிச்சுச் சான்று தரும் திட்டம் மத்திய அரசிடம் பேரளவில் இருக்கு. அது ஒவ்வொரு அரசு ஐ.டி.ஐ.யிலும், வேலைக்குப் போறவன் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில், செய்முறைத் தேர்வோட நடக்கணும். வெளிநாட்டு அமைப்புகள் ஏத்துக்கிற தரத்தில் அந்தச் சான்று இருக்கணும். இதை நம்ம அணி சார்பா கோரிக்கையா வைக்கிறோம். பட்டம் வாங்கின எனக்கு அனுப்ப ஒரு ரெஸ்யூமே இருக்கு. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கு ஒரு தாள் கூட இல்லைன்னா, அது என்ன நியாயம்?

கடைசியா, கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது:

✅ ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.
✅ தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கு. அங்கயும் விசாரிங்க.
✅ ஒப்பந்தத்தில் இருக்கும் முதலாளி பேரும் வேலையும் விசாவில் இருப்பதும் ஒண்ணா? வேறயா இருந்தா விமானம் ஏறாதீங்க.
✅ பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூணுக்கும் நகல் வீட்டில் இருக்கட்டும்.

எங்க மாமா இப்ப ஊர்லயே வேலை பார்க்கிறார். இதையெல்லாம் பேசப் போறேன்னு சொன்னதும், "என் கதையையும் சொல்லு மாப்ள, நாலு பேரு நகையாவது தப்பிக்கட்டும்"னார். சொல்லிட்டேன்.

உங்க தெருவுலயும் ஒரு வயர்மேன் அண்ணன், ஒரு பிளம்பர் தம்பி இருப்பாங்க. இந்தப் பதிவை அவங்க வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க. லைக் போடலைன்னாலும் பரவாயில்லை.



#ஃப்ரீவிசா_ஏமாறாதீர் #தொழிலாளருக்குச்_சான்று