கல்கத்தாவில் ஒரு சைக்கிள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், என் தமக்கையின் மகள் கல்லூரியில் சேர்வதற்காகப் புதுக்கோட்டையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தாள். இந்நகரம் 2001-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா ஆகிவிட்டது. எனினும் இங்கே நெடுநாளாகக் குடியிருக்கும் நம்மவர் நாவிலிருந்து பழைய பெயர் இன்னும் போகவில்லை. என் நாவிலிருந்தும் போகவில்லை. ஹௌரா நிலையத்தில் இறங்கியவள், பெட்டிகளைக் கீழே வைத்த மாத்திரத்தில் கேட்ட முதற் கேள்வி, "மாமா, கல்லூரிக்குப் போக எனக்கு ஒரு சைக்கிள் கிடைக்குமா?" என்பதுதான்.

கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கு என் இடது முழங்கையே காரணம். அது இன்றும் முழுமையாக நீளாது.

இருபது ஆண்டுகளுக்கு முன், மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாக இவ்வூருக்கு வந்த புதிதில், நானும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். நான் கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்றவன்; இருப்புப்பாதையின் இயல்பையும் சக்கரத்தின் இயல்பையும் எனக்கு எவரும் கற்பித்ததில்லை. ஒரு மழைக்கால மாலை, ராஸ்பிகாரி அவென்யூவில், தேசப்பிரிய பூங்காவின் அருகே டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்க முயன்றேன். முன்சக்கரம் தண்டவாளத்தின் பள்ளத்தில் அழுந்திக்கொண்டது. சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

சுற்றி இருந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். "கொதாய் லேகேச்சே? கொதாய் லேகேச்சே?" என்று பத்துப் பேர் கேட்டார்கள். எங்கே அடிபட்டது என்று கேட்கிறார்கள் என்பதுகூட எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும் இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும் நாள்தோறும் பக்கம் பக்கமாகச் சொற்களை மாற்றிச் சம்பளம் வாங்கும் எனக்கு, வலிக்கிறது என்று சொல்ல ஒரு வங்காளச் சொல் அகப்படவில்லை. 'ஐயோ அம்மா' என்றேன். அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். அதே சாலையில்தான் 1954-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். சில நாட்களில் உயிர் நீத்தார். இதை எனக்குப் பிற்பாடு சொன்னவரும் அந்தத் தேநீர்க் கடைக்காரரே.

ஆகவே மருமகளுக்குச் சைக்கிள் இல்லை என்று முடிவாயிற்று. மறுநாள் இரவு புதுக்கோட்டையிலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, நம் அப்பா சொன்ன அதே வார்த்தையை நீயும் சொன்னாயாமே?" என்றாள் அக்கா. அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நேயர்களில் புதுக்கோட்டைப் பக்கத்தவர் இருந்தால், 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அம்மாவட்டத்தில் நடந்ததை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அறிவொளி இயக்கம் எழுத்தறிவிக்க ஊர் ஊராக வந்தது. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. பாடம் சொல்லித்தரும் பெண்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்கு எவரையும் எதிர்பார்த்து நிற்கலாகாது என்பதற்காகச் சைக்கிளும் பாடத்தோடு சேர்ந்தது. கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்வோர், ஆசிரியைகள், தாதிகள் யாவரும் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல், குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரின் மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா? 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தை ஒட்டிச் சுமார் 1,500 பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் வந்தபோது, புதுக்கோட்டை நகரமே தெருவோரத்தில் நின்று வாய் பிளந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப்பற்றி எழுதினார். அக்கட்டுரை 'ஜஹாம் பஹியா ஹை' என்ற தலைப்பில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம் பெற்றது. அலுவலகத் தோழர் ஒருவரின் மகன் அதைப் படித்துக்கொண்டிருந்த நாளில்தான், என் அக்காவின் கதை இந்தியிலும் இருப்பதை நான் கண்டேன்.

அப்பொழுது எனக்கு வயது 11, அக்காவுக்கு 19. அப்பா கூடாது என்றார். அவள் மணிக்கணக்கு வாடகைச் சைக்கிளில், கண்மாய்க் கரையில், தோழிகளோடு கற்றுக்கொண்டாள். குரங்குப் பெடல் போட்டுப் பழகியிருந்த நான்தான் காவல். அந்த இயக்கத்துக்கென்று ஒரு சைக்கிள் பாட்டு இருந்தது. முத்து பாஸ்கரன் என்ற தொண்டர் இயற்றியது. ஒருத்தி ஓட்டுவாள்; இன்னொருத்தி இருக்கையைப் பின்னாலிருந்து பிடித்தபடி பாடிக்கொண்டே ஓடுவாள். பெடலை மிதிக்கும் காலுக்கு அந்தப் பாட்டே தாளம். எப்பொழுது கையை விட்டாள் என்பது ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. பின்னாலிருந்து வரும் பாட்டு தூரத்தில் கேட்கும். அப்பொழுதுதான், தான் தனியாகப் போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அக்காவும் அப்படித்தான் போனாள். திரும்பி வருவதற்கு அரைமணி ஆயிற்று. திரும்பும் வித்தையை அன்று கற்றுக்கொள்ளவில்லையாம்.

இவ்வளவும் நினைவுக்கு வந்த பின், மருமகளுக்குச் சைக்கிளை மறுக்கும் தகுதி எனக்கு இல்லாமற் போயிற்று. ஆனால் கண்மாய்க் கரை வேறு, கல்கத்தா வேறு. முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சைக்கிள் வாங்காமலே, அவளும் நானும் கல்லூரிக்கு நடந்தோம்.

நடந்ததற்குக் காரணம் உண்டு. இந்நகரத்தில் எல்லாத் தெருவிலும் சைக்கிள் விடலாகாது. 2008-ஆம் ஆண்டில் 38 தெருக்களில் போலீஸார் தடை விதித்தார்கள். 2013-ஆம் ஆண்டில் அது 174 தெருக்கள் ஆயிற்று. கூக்குரல் எழுந்த பிறகு 62 ஆகக் குறைந்தது. பால்காரரும் பத்திரிகை போடுகிறவரும் எரிவாயு உருளை சுமக்கிறவரும் இதனால் பட்ட அல்லலைச் சொல்லி மாளாது. விநோதம் என்னவென்றால், இதே மாநில அரசு 2015 முதல் 'சபுஜ் சாதி' என்ற திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சைக்கிளை இலவசமாக வழங்கி வருகிறது. இன்னொரு விநோதம்: 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, இவ்வூர் டவுன் ஹாலிலிருந்துதான் பிமல் முகர்ஜி என்ற இளைஞர் மூன்று தோழர்களோடு சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார். அவர் ஊர் திரும்பியது 1937-இல். இன்று வந்திருந்தால் கடைசி ஒரு மைலைத் தள்ளிக்கொண்டு நடந்திருப்பாரோ என்னவோ!

தடைப் பட்டியலும் நேரமும் அவ்வப்போது மாறுவன. தெருமுனையில் சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் வரைந்த பலகை உண்டா என்று பார்ப்பதே நிச்சயமான வழி. நாங்கள் பெரிய சாலைகளை விட்டுச் சந்துகளைக் கோத்து ஒரு வழி கண்டுபிடித்தோம். ஐந்து கிலோமீட்டர் ஏழு கிலோமீட்டர் ஆயிற்று. அதனால் நட்டமில்லை, லாபமே. சந்து வழியில்தான் 'பாடா' என்று வங்காளிகள் சொல்லும் குடியிருப்பின் முகம் தெரிகிறது. வாசல் திண்ணையில் அரட்டை அடிக்கும் முதியவர், சங்கக் கட்டடம், தேநீர்க் கடை, பஞ்சர் ஒட்டும் மிஸ்திரி எனப் பத்துப் பேருக்கு அவள் முகம் பழகிவிட்டது. புதிதாக வந்த மாணவிக்கு இதைவிடப் பெரிய காவல் எதுவும் இல்லை. மொழியும் அங்கேதான் வந்தது. 'சாகா' என்றால் சக்கரம். 'ஹாவா' என்றால் காற்று. 'ஆஸ்தே' என்றால் மெதுவாக. 'தாடான்' என்றால் நில்லுங்கள். 'லாக்சே' என்றால் வலிக்கிறது. கடைசிச் சொல்லை அவளுக்கு நானே முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

வெளி மாநிலத்துக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர் ஊறுகாய்க்கும் பொடிக்கும் தவறாமல் இடம் ஒதுக்குகிறார்கள். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை முதல் காப்பிப்பொடி வரையில் கிடைக்கிறது; அது ஒரு பொருட்டல்ல. பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு சீட்டு வேண்டும்: இருப்பிடம், உற்றவர் தொலைபேசி எண், இரத்தப் பிரிவு, இவை ஆங்கிலத்திலும் அவ்வூர் எழுத்திலும் எழுதியிருக்க வேண்டும். கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். விழுந்தால் முதலில் உடைவது அதுதான். 112 என்ற எண் நாடு முழுவதற்கும் பொது என்பதையும் சொல்லி அனுப்பலாம்.

ஐந்தாம் ஞாயிறு சைக்கிள் வந்தது. டிராம் வண்டிகள் பெரும்பாலும் நின்றுபோயின. ஆனால் பாதைகள் பல இடங்களில் இன்னும் சாலையில் புதைந்து கிடக்கின்றன. தண்டவாளத்தின் பள்ளம் சைக்கிள் டயருக்கு அளவெடுத்துச் செய்தாற்போல் இருக்கும். அதைக் கடக்கும்போது குறுக்காக, ஏறக்குறையச் செங்கோணத்தில் கடக்க வேண்டும். வேகத்தை முன்னாலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தின் மேல் பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது. நனைந்த இரும்பு வாழைப்பழத் தோலுக்கு ஒப்பாகும். ஐயம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் இழிவு ஒன்றுமில்லை.

அடுத்தது பஸ். ஆளை ஏற்றுவதற்காக அது திடீரென்று இடப்புறம் ஒதுங்கும். அந்த இடப்புறத்தில், பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைந்த சைக்கிளை ஓட்டுநர் காணவே மாட்டார். பஸ்ஸின் பின்னால் நின்று புகையைக் குடிப்பது மேல். நின்றிருக்கும் டாக்ஸியை ஒரு கதவு திறக்கும் அகலம் விட்டுக் கடக்க வேண்டும். தெருவில் மழைநீர் தேங்கிவிட்டால் — டண்டனியா பக்கத்தில் அடிக்கடி தேங்கும் — சைக்கிள் ஓட்டலாகாது. நீருக்கடியில் மூடியில்லாத சாக்கடைக் குழி இருந்தால் தெரியாது. பிரேக் கட்டையும் ரிம்மும் நனைந்தால், வண்டி நிற்பதற்கு வழக்கத்தைவிட அதிக தூரம் வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். சங்கிலிக்கு மூடி போட வேண்டும். இருட்டியபின் முன்னே விளக்கும் பின்னே சிவப்பும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம் நேர்ந்தது. காதில் கருவியைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே போவது அவள் பழக்கம். பின்னால் வரும் லாரியைக் கண் காணாது, காதுதான் காணும் என்றேன். "பாட்டில்லாமல் எப்படி மாமா மிதிப்பது?" என்றாள். "நீயே பாடு; உன் அம்மா அப்படித்தான் மிதித்தாள்" என்றேன்.

விளையாட்டாகச் சொன்ன இச்சொல் வேறோர் இடத்தில் பலித்தது. கல்லூரியில் புதிய மாணவரை வரவேற்கும் 'நவீன பரண்' விழாவில் ஒவ்வொருவரும் ஏதேனும் செய்து காட்ட வேண்டும். இரண்டு மாதமாக வகுப்பில் வாய் திறவாதிருந்தவள், அம்மா சொல்லிக்கொடுத்த நடவுப்பாட்டு ஒன்றைப் பாடினாள். பாடி முடித்ததும், ஆற்றங்கரை ஊர்ப் பெண் ஒருத்தி எழுந்து பாடியாலி ஒன்றைப் பாடினாளாம். பாடியாலி ஓடக்காரன் பாட்டு. நீரோட்டத்தில் ஓடம் தானாகப் போகும்போது துடுப்புக்கு வேலையில்லை. ஆதலால் அதன் சுரம் நீண்டு நீண்டு போகும். வட வங்கத்து பவையா வண்டிக்காரன் பாட்டு. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்குவதால்தான் அதில் குரல் உடைகிறது என்பார்கள். நம் ஏற்றப்பாட்டும் தெம்மாங்கும் கேட்டு வளர்ந்தவர்க்கு இதில் அந்நியம் ஏது? அன்றிலிருந்து அவளுக்குத் தோழிகள் உண்டு, சோறும் இறங்கியது.

நாட்டுப்பாடலை வங்காளிகள் எளிதாக எண்ணுவதில்லை. சிலைதஹாவில் கடிதம் சுமந்த ககன் ஹர்கரா என்ற தபால்காரரின் பாட்டு மெட்டில்தான், 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது, தாகூர் தம் பாடலை அமைத்தார். அதுவே இன்று வங்கதேசத்தின் தேசிய கீதம். பாவுல்களின் பாட்டை யுனெஸ்கோ 2005-இல் மானிட குலத்தின் அரிய மரபாக அறிவித்தது.

அந்த பாவுல்கள் ஆண்டுதோறும் கூடுவது வீரபூமி மாவட்டத்தில், அஜய் ஆற்றங்கரையில் உள்ள கெந்துலியில். நம் பஜனை மடங்களில் பாடும் அஷ்டபதியை இயற்றிய ஜயதேவர் பிறந்த ஊர் என்று வங்காளிகள் அதைப் போற்றுகிறார்கள். திருவிழா மகர சங்கராந்தியன்று. அதாவது நம் பொங்கல் அன்று. இவ்வாண்டு மருமகள் எங்கள் வீட்டுப் பொங்கலை விட்டுவிட்டுத் தோழிகளோடு அங்கே போய்விட்டாள். என் மனைவிக்குச் சற்று வருத்தம்தான்.

இரவு ஓர் ஆலமரத்தடியில் முதிய பாவுல் ஒருவர், உங்கள் தேசத்துப் பாட்டு ஒன்று பாடு அம்மா என்றாராம். இவள் சைக்கிள் பாட்டைப் பாடியிருக்கிறாள். அவர் பாஷை அறியாதவராயினும் ஏக்தாராவில் சுருதி கூட்டி இசைந்துகொண்டார். முடிந்ததும், இது ஓடம் தள்ளும்போது பாடுவதா, வண்டி ஓட்டும்போது பாடுவதா என்று கேட்டார். சைக்கிள் ஓட்டும்போது பாடுவது என்று இவள் சொன்னாள். பெரியவர் உரக்கச் சிரித்து, மறுமுறை பாடச் சொன்னார். இம்முறை அவள் புதுக்கோட்டைக்குத் தொலைபேசியில் அழைத்து, அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாடினாள். பாட்டு முடியும்வரை அக்கா மறுமுனையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இரண்டாம் அடியில் தாளம் இழுபடுகிறது, அங்கே மிதி விழ வேண்டும் என்று திருத்தினாளாம்.